10 மாதம் ஆகியும் ரோகு கால் கிலோ தாண்டவில்லை. ஜெயந்தி ரோகு வாங்கினால் தேறுமா?

ஒரத்தநாட்டு விவசாயி
ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம். ஒரத்தநாடு பக்கம் எங்களுக்கு 50 சென்ட்டில் ஒரு குளம் இருக்கிறது. அப்பா காலத்தில் வீடு கட்ட மண் எடுத்த பள்ளம்தான் அது. போன வருடம் ஆழப்படுத்திக் கரை போட்டோம். இப்போது ஐந்தடி தண்ணீர் நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில் போர்வெல் தண்ணீரை விட்டுக்கொள்கிறோம்.

போன ஆவணியில் 3000 மீன் குஞ்சு விட்டேன். கட்லா 1000, ரோகு 1500, மிர்கால் 500, மூன்றும் கெண்டை வகை. எல்லாம் விரல் நீளம். குஞ்சு கொடுத்தவர் பத்து மாதத்தில் கிலோ வரும் என்றார். தினமும் காலையில் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்து 3 கிலோ போடுகிறேன். எங்கள் மாட்டுச் சாணத்தை வாரத்துக்கு நான்கைந்து கூடை கரைத்து ஊற்றுகிறேன்.

போன ஞாயிறு வீச்சு வலை போட்டுப் பார்த்தோம். கட்லா 600 கிராம் அளவில் இருக்கிறது. மிர்கால் கால் கிலோ. ரோகு 200, 220 கிராம்தான். பத்து ரோகு எடுத்தால் ஒன்றுதான் 300 தொடுகிறது. விலை பேச வந்த வியாபாரி ஏழெட்டு மீனைத் தனியாக எடுத்துப் போட்டு, "இது கட்லாவும் இல்லை, ரோகுவும் இல்லை, இதற்கு நான் என்ன விலை போடுவது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கரை போடவும் குஞ்சு வாங்கவும் அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்திருக்கிறேன். அடுத்த முறையாவது சரியாகச் செய்ய வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ஜெயந்தி ரோகு வேகமாக வளரும் என்கிறார்கள். உண்மையா? அதை வாங்கிவிட்டால் என் பிரச்சினை தீருமா?

கிருஷ்ணகிரி ஜிலேபி
ஜூன் 9

நண்பரே, நான் இரண்டு வருடமாக கிஃப்ட் திலாப்பியா வளர்க்கிறேன். நம் ஊர்க் குளங்களில் தானாகப் பெருகிக் கிடக்கும் உள்ளங்கை அளவு ஜிலேபி வேறு, இது வேறு. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சி. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு நாடுகளில் பிடித்த மீன்களையும், ஆசியப் பண்ணைகளில் ஏற்கெனவே இருந்த நான்கு வகைகளையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக நன்றாக வளர்ந்ததையே பொறுக்கி எடுத்தார்கள். எனக்கு ஆறு ஏழு மாதத்தில் அரை கிலோ வருகிறது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, ஒரு நாள் வந்து பாருங்கள்.

ஆனால் ஒன்று. இதை நினைத்தவுடன் விட முடியாது. மீன்வளத் துறையில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். மீன் வெளியே ஆற்றுக்கோ ஏரிக்கோ தப்பிப் போகாதபடி வலைத் தடுப்பு வேண்டும். வாய்க்கால் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகிற குளம் என்றால் யோசித்துச் செய்யுங்கள். தவிடும் பிண்ணாக்கும் போட்டு இதை எடுக்க முடியாது. மிதவைத் தீனிக்கே பெரும் பணம் போகும்.

தூத்துக்குடி மாணவி
ஜூன் 10

அண்ணா, மீன்வளக் கல்லூரியில் படிக்கிறேன். ஜெயந்தி ரோகு உண்மைதான். புவனேஸ்வர் பக்கத்தில் கௌசல்யாகங்காவில் இருக்கிற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் நார்வே நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 1992இல் இந்த வேலையைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளிலிருந்து ரோகு கொண்டுவந்து, பண்ணையில் இருந்த ரோகுவையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுகளையும் தனித்தனியாக வளர்த்து, உடம்புக்குள் சின்ன அடையாளச் சில்லு வைத்து, பிறகு ஒரே குளத்தில் விட்டுப் பார்த்து, நன்றாக வளர்ந்த குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் பெற்றோரை எடுத்தார்கள். தலைமுறைக்கு ஏறக்குறைய 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. 1997 சுதந்திரப் பொன்விழா ஆண்டு என்பதால் ஜெயந்தி என்று பெயர். இதில் மரபணு மாற்றம் எதுவும் கிடையாது. நல்ல பசுவுக்கு நல்ல காளையைச் சேர்ப்பது போலப் பொறுக்கி எடுத்ததுதான்.

பழைய பொரிப்பகத்தார்
ஜூன் 11

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். காவிரிப் படுகையில் ஒரு பொரிப்பகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தீனிக் கணக்கு. 3000 குஞ்சு விட்டீர்கள். பாதி பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். கட்லா 500, ரோகு 750, மிர்கால் 250. நீங்கள் சொன்ன எடையில் பெருக்கினால் குளத்துக்குள் ஏறக்குறைய 500 கிலோ மீன் இருக்கிறது. வளரும் மீனுக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்காவது தினமும் தீனி வேண்டும். அதாவது 10 கிலோ. நீங்கள் போடுவது 3 கிலோ. ஆவணியில் குஞ்சு விரல் நீளம் இருந்தபோது 3 கிலோ தாராளம். வைகாசியிலும் அதே 3 கிலோ என்றால், கைக்குழந்தைக்கு வைத்த சோற்றையே பத்து வயதுப் பையனுக்கும் வைத்தது போல ஆகிவிட்டது.

கட்லா மட்டும் ஏன் வளர்ந்தது என்று பாருங்கள். அது மேல்மட்டத்தில் நீந்தி, தண்ணீரில் உண்டாகும் நுண்ணுயிர்களைச் சாப்பிடும் மீன். நீங்கள் கரைத்த சாணம் அதற்குப் போய்ச் சேர்ந்தது. ரோகு நடுமட்டத்து மீன், அதற்குக் கைத்தீனி வேண்டும். குஞ்சும் அதிகம். 50 சென்ட்டுக்கு 1000லிருந்து 2000 வரைதான் விடலாம்.

ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே தீனியைக் கையால் வீச மாட்டார்கள். சாக்கில் வரிசையாகத் துளை போட்டு, எண்ணெய் எடுத்த தவிட்டை நிரப்பி, குளத்துக்குள் மூங்கில் நட்டுக் கட்டித் தொங்க விடுவார்கள். ரோகு வந்து துளையில் வாய் வைத்து இழுத்துச் சாப்பிடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கினால் தின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும். உங்கள் குளத்துக்கு ஆறு சாக்கு போதும். ஆனால் நாளைக்கே 10 கிலோவுக்குத் தாவாதீர்கள். நான்கு நாளைக்கு ஒரு கிலோ வீதம் ஏற்றுங்கள். மூடாப்பு போட்ட நாளில் பாதியாகக் குறையுங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்றைக்குத் தீனியும் வேண்டாம், சாணமும் வேண்டாம், போர் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்ட விடுங்கள்.

சரி, இது பாதிக் கதை. மீதிப் பாதி குஞ்சு. வியாபாரி தனியாக எடுத்துப் போட்ட அந்த ஏழெட்டு மீன்தான் என்னைத் தூங்க விடவில்லை.

தலை கட்லா அளவுக்குப் பெரிதாக இல்லாமல், உடம்பு ரோகு போல நீண்டு, வாய் இரண்டுக்கும் நடுவில் இருந்ததா? அப்படியானால் அது கட்லா, ரோகு கலப்பு. பொரிப்பகத்தில் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டு முட்டையிட வைத்திருக்கிறார்கள். கட்லாவில் தாயும் தந்தையும் ஒரே நாளில் தயாராக அமைவது கஷ்டம். ஆண் கட்லா கிடைக்காத நாளில், இருக்கிற ரோகுவோடு சேர்த்துத் தொட்டியில் விட்டுவிடுவது நடக்கிறது. முட்டையும் விந்தும் தண்ணீரில்தான் கலக்கின்றன, எது எதோடு சேரும் என்று யார் கண்டது? இந்தக் கலப்பு மீன் மலடும் இல்லை. அது வளர்ந்து மறுபடி தாய் மீன் குளத்துக்குள் போனால் அடுத்த வருடக் குஞ்சு இன்னும் கலங்கும்.

இப்போது நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மீனை முட்டையிட வைக்க இன்றைக்கு இருக்கிற ஊசி மருந்து கிடையாது. மீன் கடைகளில் சொல்லி வைத்து, முற்றிய கெண்டைத் தலைகளை வாங்கி வருவோம். மண்டை ஓட்டைத் திறந்தால் மூளைக்கு அடியில் சின்னதாக வெள்ளை மணி போல பிட்யூட்டரி சுரப்பி இருக்கும். அதை நுனி இடுக்கியால் சிதையாமல் எடுத்து, கருப்புக் குப்பியில் சுத்தச் சாராயத்தில் போட்டு வைப்போம். சீசன் வந்ததும் அரைத்து, தெளிவை எடுத்து ஊசி போடுவோம். பெட்டைக்குச் சாயங்காலம் ஒரு ஊசி, ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது ஊசி. ஆணுக்கு ஒன்று. ஹாப்பாவில், அதாவது தண்ணீருக்குள் கட்டிய வலைத் தொட்டியில் விட்டுவிட்டுக் கரையில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருப்போம். மழை தூறினால் மனசு நிறைந்துவிடும், ஏனென்றால் குளிர்ந்த இரவில்தான் நன்றாக முட்டையிடும். விடியலில் ஹாப்பாவுக்குள் கையை விட்டால் ஊறிய ஜவ்வரிசி போல முட்டை கை நிறைய வரும். முதல் முறை அதைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ரோகுவும் கட்லாவும் மிர்காலும் குளத்துத் தண்ணீரில் வளருமே தவிர, தானாக முட்டையிடாது. ஆற்றில் வெள்ளம் வர வேண்டும். அதனால் ஒரு காலத்தில் வடக்கே ஆறுகளில் வெள்ளத்தோடு வரும் நுண்குஞ்சை வலை கட்டிப் பிடித்து, நாடு முழுக்க அனுப்பினார்கள். அதில் என்னென்ன மீன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வாளையும் கெளுத்தியும் சேர்ந்து வரும். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் அங்குல் என்கிற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, சக விஞ்ஞானி அலிகுஞ்ஞியோடு சேர்ந்து, பிட்யூட்டரி ஊசி போட்டுக் கெண்டை மீனை அடைபட்ட தண்ணீரில் முட்டையிட வைத்தார். அந்தத் தேதியைத்தான் இன்றைக்கும் மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறோம். உங்கள் குளத்தில் இருக்கும் ஒவ்வொரு ரோகுவும் அந்த இரவின் வாரிசு என்றே நான் நினைப்பேன்.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்குள்ளேயே ஒரு ஆபத்தும் இருந்தது. ஒரு கிலோ எடையுள்ள பெட்டை ரோகு இரண்டு லட்சம் முட்டைக்கு மேல் இடும். பத்துத் தாய் மீன் நன்றாக முட்டையிட்டால் ஒரு பொரிப்பகத்தின் சீசன் வியாபாரத்துக்குப் பெரும்பாலும் போதும். மாடு வளர்ப்பவருக்கு இந்த வசதி கிடையாது, ஒரு பசு வருடத்துக்கு ஒரு கன்றுதான் போடும், அதனால் அவர் பல பசுக்களை வைத்தாக வேண்டும். மீனில் நான்கைந்து தாயே போதும் என்று ஆகிவிடுகிறது. அவற்றின் குஞ்சுகளிலேயே சிலவற்றை அடுத்த தாய் மீனாக வைப்பார்கள். அண்ணனும் தங்கையும் சேரும். மூன்று நான்கு தலைமுறை போனால் வளர்ச்சி குறையும், குஞ்சு சாகும், முதுகு கோணல் வரும். ஏக்நாத், டாயில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கர்நாடகப் பொரிப்பகங்களைப் பார்த்து 1990இலேயே இதை எழுதினார்கள்.

இதைவிட மோசமானது இன்னொன்று. பிறகு வந்த ஊசி மருந்து ஒரே தடவை போட்டால் போதும். அருமையான மருந்து. ஆனால் விலை உண்டு, கிலோவுக்கு இவ்வளவு மில்லி என்று அளந்துதான் போட வேண்டும். நான்கு கிலோ தாய்க்குப் போடும் மருந்தில் முக்கால் கிலோ தாய்கள் ஐந்துக்குப் போடலாம். பெரிய மீன் சந்தையில் நல்ல விலைக்குப் போகும். எனவே வேகமாக வளர்ந்ததை விற்றுவிட்டு, வளராமல் நின்ற சின்ன மீனைத் தாயாக வைத்தோம். செலவு மிச்சம் என்று முதலாளி பாராட்டினார், நானும் பெருமைப்பட்டேன். ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்ததைப் பொறுக்கினார்கள். நாங்கள் வளராததைப் பொறுக்கினோம். வருடா வருடம், தவறாமல். பத்து வருடம் கழித்து ஒரு விவசாயி வந்து "உங்கள் குஞ்சு முன்னே போல இல்லையே" என்று கேட்டபோது, தீனியைச் சரியாகப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் பதிவைப் படித்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் உங்களிடம் தீனியை மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெயந்தி நல்ல மீன். ஆனால் ஜெயந்தி என்று சொல்லி விற்கிற குஞ்சு ஜெயந்தியாக இருக்க வேண்டும். பார்வைக்கு அதற்கும் சாதா ரோகுவுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரு பொரிப்பகம் ஒரு முறை ஜெயந்திக் குஞ்சு வாங்கி, அதையே பன்னிரண்டு வருடம் தனக்குள் பெருக்கியிருந்தால் அதுவும் நான் சொன்ன கதிக்குத்தான் வந்திருக்கும். எனவே வாங்கும் இடத்தில் கேளுங்கள். தாய் மீன் எந்த வருடம், எங்கிருந்து வந்தது, ரசீது இருக்கிறதா. கௌசல்யாகங்காவில் தேசிய நன்னீர் தாய்மீன் வங்கி இருக்கிறது, பதிவு பெற்ற பொரிப்பகங்களுக்கு அங்கிருந்து கொடுக்கிறார்கள். அதே ஆராய்ச்சி நிலையத்துக்கு விஜயவாடாவிலும் பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவிலும் கிளை மையங்கள் உண்டு. அப்புறம், தாய் மீனைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஒன்றரை கிலோவுக்குக் கீழே இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தனித்தனித் தொட்டியா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஒரத்தநாட்டு விவசாயி
ஜூன் 12

ஐயா, காலையில் டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன், டீ ஆறிப் போனதே தெரியவில்லை. தீனிக் கணக்கு எனக்கு யாருமே சொல்லவில்லை. அந்தக் கலப்பு மீன் நீங்கள் எழுதியது போலத்தான் இருந்தது, வாய் இரண்டும் கெட்டான்.

ஒன்று கேட்கலாமா? அடுத்த முறை ஜெயந்தி விட்டு, தீனியும் கூட்டினால், வளர்ந்தது தீனியாலா குஞ்சாலா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜெயந்திக்கு விலையும் கூட, வண்டிச் செலவும் கூட. அது தகுமா என்று தெரிந்துகொள்ள ஆசை. இரண்டு குளம் வெட்ட வசதி இல்லை.

பழைய பொரிப்பகத்தார்
ஜூன் 12

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு 20 வருடம் ஆனது. இரண்டு குளம் இருந்தாலும் பயன் இல்லை. ஒன்றில் வெயில் அதிகம் விழும், ஒன்றில் மண் வேறாக இருக்கும், வித்தியாசம் மீனாலா குளத்தாலா என்று மறுபடி குழப்பம்தான். ஒரே குளத்தில் இரண்டையும் சேர்த்து விடுங்கள். அந்த மாணவி எழுதினாரே, சில்லு வைத்து ஒரே குளத்தில் விட்டார்கள் என்று. அதே வேலைதான். சில்லுக்குப் பதிலாக உங்களுக்குக் கத்தரிக்கோல்.

ஜெயந்தியில் 150, உள்ளூர் ரோகுவில் 150 தனியாக எடுங்கள். இரண்டும் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல், ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தொடங்கினால் பந்தயமே பொய். 50, 50ஆக எடை போட்டு எழுதி வையுங்கள். வயிற்றுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துடுப்பு இருக்கும். ஜெயந்திக்கு வலது வயிற்றுத் துடுப்பையும், உள்ளூர் மீனுக்கு இடது வயிற்றுத் துடுப்பையும் அடியோடு ஒட்டி நறுக்குங்கள். ஒன்றுக்கு மட்டும் நறுக்கி மற்றதை விட்டுவிடக் கூடாது, காயம் பட்ட மீன் பின்தங்கும். வலி இரண்டுக்கும் சமமாக இருக்கட்டும். மீனின் தலை உங்களை விட்டு விலகி அந்தப் பக்கம் பார்க்க, முதுகு மேலே இருக்கும்படி பிடியுங்கள், அப்போதுதான் உங்கள் வலது அதற்கும் வலது. எத்தனையோ பேர் தலையைத் தங்கள் பக்கம் வைத்துப் பிடித்து மாற்றி நறுக்கியிருக்கிறார்கள்.

வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். கை நனைந்திருக்க வேண்டும், காய்ந்த கையால் தொட்டால் வழவழப்பு போய்விடும். நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் சற்று நேரம் வைத்துவிட்டு, அன்று முழுக்க ஹாப்பாவில் வைத்திருந்து, செத்ததை எண்ணி எழுதிவிட்டுக் குளத்தில் விடுங்கள்.

இப்போது இருக்கிற மீனை அடுத்த இரண்டு மாதம் நல்ல தீனி கொடுத்து விற்றுவிடுங்கள். குளத்தைக் காய விட்டு, அடியில் வெடிப்பு விழுந்ததும் சுண்ணாம்பு போடுங்கள். காய வைக்க முடியாமல் தண்ணீர் நின்றால், உள்ளே குறவையும் கெளுத்தியும் ஒளிந்திருக்கும். இலுப்பைப் பிண்ணாக்கு போட்டால் அவை போய்விடும். அதன் விஷம் அடங்க 15, 20 நாள் பொறுக்க வேண்டும், பிறகு அதுவே உரமாகும். மொத்தம் 1500க்கு மேல் விடாதீர்கள்.

தூத்துக்குடி மாணவி
ஜூன் 13

ஐயா, எங்கள் வகுப்பில் இதைப் படித்தோம், ஆனால் தலையை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நன்றி. அண்ணா, நோட்டில் நீளத்தையும் எழுதுங்கள். எடை மட்டும் எழுதினால், மெலிந்து நீண்ட மீனா கொழுத்த மீனா என்று பிறகு தெரியாது.

ஒரத்தநாட்டு விவசாயி
ஜனவரி 18

ஐயா, பொங்கல் வேலையெல்லாம் முடிந்தது, இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பழைய மீனை ஆகஸ்ட் கடைசியில் பிடித்தோம். சாக்கு கட்டித் தீனி கொடுத்த இரண்டரை மாதத்தில் ரோகு 400 தாண்டிவிட்டது. நட்டம் முழுவதும் தீரவில்லை என்றாலும் ஒரு வளையலை மீட்டுவிட்டேன். அந்தக் கலப்பு மீன் மொத்தம் 61 இருந்தது, எண்ணி எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 21இல் புதுக் குஞ்சு விட்டோம். ஜெயந்திக்கு மூன்று பொரிப்பகங்களில் கேட்டேன். ஒருவர் ரசீது கேட்டதும் போனை வைத்துவிட்டார். மூன்றாவது இடத்தில் தாய் மீன் குளத்துக்கே கூட்டிப்போய் வலை இழுத்துக் காட்டினார்கள், இரண்டு வருடத்துக்கு முன் வந்த மீன் என்று ரசீதும் காட்டினார்கள். உள்ளூர் ரோகு முன்பு வாங்கிய இடத்திலேயே வாங்கினேன், ஒப்பிட வேண்டும் என்பதற்காக. என் மனைவி மீனைப் பிடிக்க, நான் நறுக்கினேன். 300 மீனுக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஹாப்பாவில் ஜெயந்தி 4, உள்ளூர் 6 செத்தன.

நேற்று இழுவலை போட்டோம். வலது துடுப்பு இல்லாதது 31 கிடைத்தது, சராசரி 175 கிராம். இடது இல்லாதது 27, சராசரி 140 கிராம். நீளமும் எழுதியிருக்கிறேன் தங்கையே. போன தடவை இதே நான்கு மாதத்தில் எடை பார்க்கவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. ஆனால் உள்ளூர் ரோகுவே இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரிகிறது. தீனியும் நெருக்கடி இல்லாததும்தான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் இருக்கும் 35 கிராம் குஞ்சுடையது. சரிதானே ஐயா?

இன்னொரு விஷயம். ஐந்தாறு மீனில் எந்தத் துடுப்பு நறுக்கியது என்றே சந்தேகம், மறுபடி முளைத்தது போலத் தெரிகிறது. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய பொரிப்பகத்தார்
ஜனவரி 18

சேர்க்காமல் விட்டது சரி. கணக்கும் சரி, ஆனால் முடிவு சொல்ல இன்னும் நாள் இருக்கிறது. பத்து மாதம் வரை போகட்டும், சித்திரையில் ஒரு தடவையும் ஆனியில் ஒரு தடவையும் எடை போடுங்கள். அப்போது இரண்டிலும் நாற்பது ஐம்பது மீனாவது கிடைக்க வேண்டும், இருபத்தேழு கொஞ்சம் குறைவு. செத்தது, பிழைத்தது கணக்கையும் கடைசிப் பிடிப்பில் பாருங்கள். எடை கூடியும் எண்ணிக்கை குறைந்தால் லாபம் இல்லை.

முளைத்த துடுப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஈரக் கையால் துடுப்பை விரித்து, நகத்தால் அடியிலிருந்து நுனி வரை மெதுவாக வருடிப் பாருங்கள். நறுக்கிய இடத்தில் முள் வளைந்து முடிச்சு போல நகத்தில் தட்டும். நறுக்காத துடுப்பில் முள் நேராக ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த வளைவு கண்ணுக்கும் தெரியும். அடுத்த இழுவலையில் அந்த ஐந்தாறும் கிடைத்தால் இப்படிப் பார்த்துவிட்டு நோட்டில் சேருங்கள்.

ஆனியில் பிடிக்கும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பஸ் ஏறி வந்துவிடுகிறேன், தராசை நான் பிடிக்கிறேன்.